அவுட்டோர் இன்ஸ்ட்ரக்டர் ஆகணும்: பி.எம்.சி முடிச்சா போதுமா?

#1 | கொங்குக்காற்று
வணக்கம். வயசு 23, கோயம்புத்தூர். ட்ரெக்கிங், ராக் கிளைம்பிங், ரேப்பலிங் (கயிறைப் பிடிச்சு பாறையில இறங்குறது) சொல்லிக்கொடுக்கிற வேலைக்குத்தான் போகணும்னு முடிவு. எந்த கோர்ஸ் முதல்ல, எது அப்புறம்? பி.எம்.சிங்கிற அடிப்படை மலையேற்றக் கோர்ஸ் மட்டும் முடிச்சிட்டு ஸ்கூல் கேம்ப்ல ரேப்பலிங் நடத்தலாமா? இந்தி சுத்தமா வராது, தடையா இருக்குமா? வருஷம் முழுக்க வருமானம் இருக்குமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 | கயிறுமணி
வரிசை இதுதான்: பி.எம்.சி என்ற அடிப்படை மலையேற்றப் பயிற்சி, அடுத்து ஏ.எம்.சி என்ற மேல்நிலைப் பயிற்சி, அதன் பிறகு எம்.ஓ.ஐ என்ற கற்பிக்கும் முறைப் பயிற்சி. கூடவே எஸ்.ஏ.ஆர் எனப்படும் தேடல், மீட்புப் பயிற்சியும் உண்டு. முதல் இரண்டும் ஏறத்தாழ நான்கு வாரம், எம்.ஓ.ஐ சுமார் மூன்று வாரம். டார்ஜிலிங்கில் 1954 இல் தொடங்கிய ஹெச்.எம்.ஐ (இமயமலை மலையேற்ற நிறுவனம்), உத்தரகாசியில் 1965 இல் தொடங்கிய நிம் (நேரு மலையேற்ற நிறுவனம்), மணாலியில் உள்ள அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனம், பஹல்காமில் உள்ள ஜிம் (ஜவஹர் மலையேற்ற நிறுவனம்) ஆகியவைதான் பெரும்பாலானோர் போகும் இடங்கள். அருணாச்சலத்தில் திராங்கில் நிமாஸ் என்ற தேசிய மலையேற்ற, சாகச விளையாட்டு நிறுவனம் இருக்கிறது.

பலரும் கவனிக்காமல் விடுவது கிரேடு. பி.எம்.சியில் 'ஏ' வாங்கினால்தான் ஏ.எம்.சிக்கு இடம். ஏ.எம்.சியிலும் 'ஏ' வாங்கினால்தான் எம்.ஓ.ஐ. 'பி' வாங்கினாலும் பாஸ்தான், சான்றிதழ் வரும், பேட்ஜும் வரும். ஆனால் பாதை அங்கேயே நின்றுவிடும், பெரும்பாலும் பி.எம்.சியைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். எனவே சும்மா போய்ப் பார்ப்போம் என்று கிளம்பாதீர்கள். சீட் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். அடுத்த ஆண்டுக்கான அட்டவணை வந்ததுமே விண்ணப்பித்துவிடுங்கள்.

#3 | மலைச்சாரல்
தம்பி, இந்தி பத்தி நான் சொல்றேன். வகுப்பு பெரும்பாலும் இந்தியிலதான் ஓடும். உஸ்தாத்னு கூப்பிடுற இன்ஸ்ட்ரக்டர்கள் பாதிப்பேர் கர்வால், லடாக், சிக்கிம் பக்கத்து மலைக்காரங்க. இங்கிலீஷ்ல கேட்டா பொறுமையா பதில் சொல்லுவாங்க. எழுத்துத் தேர்வை இங்கிலீஷ்ல எழுதலாம். ஆனா பாறையில தொங்கும்போது கீழ இருந்து வர்ற கட்டளை ஒரு நொடியில புரியணும். கயிறை இழு, தளர்த்து, நில்லு, கல் விழுது, இடது, வலது, மேல, கீழ: இந்த இருபது முப்பது சொல்லை முன்னாடியே வாயில ஏத்திக்கிட்டுப் போங்க. அது போதும்.

உடம்பு விஷயத்துல நம்ம ஊர்ப் பசங்க தடுக்கி விழுறது ஓட்டத்துல கிடையாது, சுமையில. 5 கி.மீ ஓட்டம் 28 நிமிஷத்துக்குள்ள வந்துட்டா ஓட்டம் போதும். அதுக்கப்புறம் ரக்சாக்ல 8 கிலோல ஆரம்பிச்சு, வாரத்துக்கு ஒரு கிலோ ரெண்டு கிலோ ஏத்தி 15 கிலோவோட படி ஏறி இறங்குங்க. இறங்குறதுதான் முக்கியம். முட்டிக்கு மேல தொடை முன்தசை தயாரா இல்லன்னா பனிப்பாறையில இருந்து திரும்பி வர்ற நாள்ல முட்டி போயிடும். மருதமலைப் படி இருக்கே, காலங்காத்தால கூட்டம் இல்லாதப்ப சுமையோட நாலு தடவை.

இன்னொண்ணு: பூட்ஸ், ஸ்லீப்பிங் பேக், ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி), கிராம்பான் (பனியில நடக்க பூட்ஸ்ல மாட்டுற முள்) எல்லாம் அங்கேயே கொடுப்பாங்க, வாங்கிக் குவிக்காதீங்க. காசைக் கம்பளி சாக்ஸ்லயும் நல்ல உள்ளாடையிலயும் போடுங்க. பருத்தி வேண்டாம், நனைஞ்சா காயாது.

#4 | ஏலகிரி_எக்ஸ்பிரஸ்
இவ்வளவு பயமுறுத்தணுமா? தமிழ்நாட்டுல ஸ்கூல் கேம்ப் நடத்துற பாதி பேர்கிட்ட பி.எம்.சி கூடக் கிடையாது. பி.எம்.சி முடிச்சவன் 40 அடி பாறையில நாலு பசங்கள இறக்கி விடறதுக்கு என்ன குறை? எல்லாரும் எம்.ஓ.ஐ வரைக்கும் போகணும்னா வேலை எப்பத் தொடங்குறது?

#5 | கயிறுமணி
நியாயமான கேள்வி, அதனால் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பி.எம்.சியில் நீங்கள் மாணவர். ஆங்கரை, அதாவது கயிறைப் பாறையிலோ மரத்திலோ பிணைக்கும் அமைப்பை, வேறொருவர் போட்டிருப்பார், கயிறை வேறொருவர் தேர்ந்தெடுத்திருப்பார், நீங்கள் மாட்டிக்கொண்டு இறங்கினீர்கள். 'ரேப்பலிங் தெரியும்' என்பதற்கு அங்கே அவ்வளவுதான் பொருள். ஸ்கூல் கேம்பில் வருவது உயரத்தையே பார்க்காத எட்டாம் வகுப்புப் பிள்ளை. அது விளிம்பில் நின்று அழும், கீழ்க்கையை விட்டுவிடும், பாதியில் திகைத்து நிற்கும். அதற்குப் போட வேண்டிய அமைப்பு வேறு.

முதலில் ஆங்கர். ஒன்றையொன்று நம்பாத இரண்டு பிடிப்பாவது வேண்டும், பாறை சந்தேகமாக இருந்தால் மூன்று. இரண்டு பிடிப்பிலிருந்து வரும் ஸ்லிங்குகளுக்கு (நாடா வளையங்களுக்கு) இடையே உள்ள கோணம் 60 டிகிரிக்குள் இருக்கட்டும். 60 இல் ஒவ்வொரு பிடிப்பும் சுமையில் சுமார் 58 சதவீதத்தைத் தாங்கும், 90 இல் 71 சதவீதம். 120 ஆகிவிட்டால் ஒவ்வொன்றும் முழுச் சுமையையும் தாங்கும், அதாவது இரண்டு போட்டும் பாரம் குறையவே இல்லை. ஸ்லிங் குட்டை என்பதற்காக இழுத்து விரித்துக் கட்டுகிறார்களே, அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். நீளமான ஸ்லிங் வாங்குங்கள், அல்லது பழுதில்லாத ஸ்டாட்டிக் (அதிகம் நீளாத) கயிற்றிலேயே கட்டுங்கள். மரம் என்றால் உயிருள்ளதாக, தொடைப் பருமனுக்குக் குறையாமல், வேர் மண்ணுக்குள் போனதாக இருக்க வேண்டும். பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும் அத்தி, ஆல் பார்க்கப் பெரிதாக இருக்கும், நம்பக்கூடாது.

ஆங்கரின் மையப் புள்ளி நெஞ்சு உயரத்தில் இருந்தால் முதல் அடி எளிது. பாதத்தின் மட்டத்தில் இருந்தால் பிள்ளை விளிம்பில் உட்கார்ந்து சறுக்கித்தான் இறங்க வேண்டும். முட்டி அடிபடும், ஃபிகர் எய்ட் டிசெண்டர் (கயிற்றில் இறங்க உதவும் எட்டு வடிவக் கருவி) பாறை விளிம்பில் உரசும், பெரிய வளையத்தின் மேல் கயிறு புரண்டு இறுகிவிடும். அப்படி இறுகிவிட்டால் சுமை இருக்கும்வரை கழற்ற முடியாது. காது வைத்த ஃபிகர் எய்ட்டில் இது நடக்காது. விலை கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

இரண்டாவது, தனி பிலே கயிறு, அதாவது இறங்குபவரை மேலிருந்து பிடித்திருக்கும் பாதுகாப்புக் கயிறு. இறங்கும் கயிறு 10.5 அல்லது 11 மி.மீ ஸ்டாட்டிக். பிலே கயிறு அதற்குத் தொடர்பில்லாத ஆங்கரிலிருந்து, பிள்ளையின் ஹார்னஸில் (இடுப்பு, தொடைப் பட்டையில்) ஃபிகர் எய்ட் ஃபாலோ த்ரூ முடிச்சு போட்டது. மேலே ஹெச்.எம்.எஸ் காராபினரில் (பேரிக்காய் வடிவ உலோகக் கொக்கியில்) இத்தாலியன் ஹிட்ச், அதாவது கயிறைக் கட்டுப்படுத்தி விட உதவும் முடிச்சு. விளிம்புக்குக் கூப்பிடுவதற்கு முன்பே பிலே மாட்டியிருக்க வேண்டும், டிசெண்டர் அதற்குப் பிறகுதான். கழற்றும்போது தலைகீழ் வரிசை: இரண்டு காலும் தரையில் ஊன்றிய பிறகு டிசெண்டர், கடைசியாகப் பிலே. ஒற்றைக் கயிற்றில், கீழே ஒருவர் கயிறைப் பிடித்து இழுப்பதை மட்டும் நம்பி நடத்தும் கேம்புகள் உண்டு. கீழே நிற்பவர் ஃபோனைப் பார்த்தால் முடிந்தது கதை.

#6 | கொங்குக்காற்று
அண்ணா, பாதியில மாட்டிக்கிட்டா? முடியோ சட்டையோ டிசெண்டர்ல சிக்கினா என்ன பண்ணுறது? வீடியோல பாத்தா கத்தியால வெட்டுறாங்க.

#7 | கயிறுமணி
கத்தி கூடாது. சுமை ஏறிய கயிறு, கத்தி லேசாகப் பட்டாலே அறுந்துவிடும். முடியும் கயிறும் ஒரே இடத்தில் இருக்கும்போது எதை வெட்டுகிறோம் என்று அங்கே தெரியாது.

அதற்குத்தான் இறங்கும் கயிற்றை அவிழ்க்கக்கூடியபடி கட்டுவது. ஆங்கரின் மையப் புள்ளியில் ஹெச்.எம்.எஸ் காராபினர், அதில் இத்தாலியன் ஹிட்ச், அதை ம்யூல் முடிச்சால் பூட்டி, மேலே ஓர் ஓவர்ஹேண்டு முடிச்சு பாதுகாப்புக்கு. சாதாரண நேரத்தில் அது நிலையான கயிறு. சிக்கல் வந்தால் இப்படிச் செய்யுங்கள்:

பிலே கயிறை முதலில் இறுக்கிப் பூட்டுங்கள். பிள்ளையிடம் கையை எடுத்து முகத்துக்கு விலக்கி வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஓவர்ஹேண்டு, ம்யூல் இரண்டையும் அவிழ்த்து, இத்தாலியன் ஹிட்ச் வழியாக இறங்கும் கயிறை ஓரடி, இரண்டடி விடுங்கள். சுமை முழுக்கப் பிலே கயிற்றுக்கு மாறும், டிசெண்டரில் இழுவை போய்விடும், பிள்ளை தானே முடியை உருவிக்கொள்ளும். உருவ முடியாவிட்டால் இரண்டு கயிறையும் ஒரே வேகத்தில் விட்டு அப்படியே தரைக்கு இறக்கிவிடலாம்.

இதற்கு மேலே மிச்சக் கயிறு வேண்டும். இதைத்தான் மறந்துவிடுவார்கள். 15 மீட்டர் பாறை என்றால் தொங்குவதற்கு 15, ஆங்கருக்கும் முடிச்சுக்கும் 3 அல்லது 4, பாறையின் முழு உயரத்துக்கும் இறக்க இன்னொரு 15. ஆக, 40 மீட்டருக்குக் குறைந்த கயிறு எடுக்காதீர்கள். மிச்சக் கயிற்றின் முனையில் ஒரு முடிச்சு இருக்கட்டும்.

வருமுன் காப்பதும் உண்டு. பின்னலை ஹெல்மெட்டுக்குள்ளோ சட்டைக்குள்ளோ விடுங்கள், துப்பட்டாவும் கழுத்துச் சங்கிலியும் கீழேயே நிற்கட்டும், தொளதொள சட்டையை இடுப்புக்குள் செருகுங்கள். ஸ்க்ரூ காராபினரைத் திருகு கீழ்நோக்கி இறுகும்படியும், கதவு பாறையைப் பார்க்காதபடியும் மாட்டுங்கள். இல்லாவிட்டால் அதிர்வில் திருகு தானாகக் கழன்றுவிடும்.

#8 | ஏலகிரி_எக்ஸ்பிரஸ்
சரி, ஒத்துக்கிறேன். இத பி.எம்.சியில சொல்லித் தரமாட்டாங்கதான். ஆனா எம்.ஓ.ஐயில மட்டும் இதெல்லாம் வந்துடுமா?

#9 | படிப்பாறை
முழுசா வராது, அதையும் சொல்லிவிட வேண்டும். எம்.ஓ.ஐயில் கிடைப்பது வகுப்பு எடுக்கும் பழக்கம். உங்களுக்கு ஒரு தலைப்பு கொடுப்பார்கள், ஜுமாரிங் (பிடிப்புக் கருவியால் கயிற்றில் ஏறுவது) என்று வைத்துக்கொள்வோம். பாடத்திட்டம் எழுதி, கருவிகளை வரிசையாக அடுக்கி, விளக்கி, செய்து காட்டி, மற்றவர்களைச் செய்ய வைத்து, திருத்தி முடிக்க வேண்டும். பிறகு உங்களை உட்காரவைத்துக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். அதுதான் பாடம்.

அங்கே எல்லோரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: வாயும் கையும் ஒன்றாக ஓடும். செய்துகொண்டே பேசினால் மாணவன் உங்கள் முகத்தைப் பார்ப்பான், முடிச்சைப் பார்க்கமாட்டான். முதல் முறை வாய் திறக்காமல் சரியான வேகத்தில் செய்து காட்டுங்கள். இரண்டாம் முறை மெதுவாக, ஒவ்வோர் அசைவுக்கும் ஒரே வாக்கியம். மூன்றாம் முறை மாணவன் சொல்ல நீங்கள் செய்யுங்கள். நான்காவது அவனே செய்யட்டும். எதிரே நின்று காட்டினால் இடம் வலம் மாறிப்போகும், பக்கத்தில் நில்லுங்கள், அல்லது முதுகைக் காட்டி நில்லுங்கள். 'புரிஞ்சுதா' என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். 'இந்த முடிச்சில் வால் எவ்வளவு நீளம் இருக்கணும்?' என்று கேளுங்கள். கயிற்றின் பருமனைப் போல் பத்து மடங்கு, அதாவது 11 மி.மீ கயிற்றுக்கு ஒரு சாண் நீளத்தில் பாதிக்கு மேல் என்று பதில் வந்தால் புரிந்திருக்கிறது.

மீதியை நல்ல சீனியரின் கீழ் உதவியாளராக நின்றுதான் கற்க வேண்டும். முதல் சீசன் கீழே ஹெல்மெட் மாட்டிவிடுங்கள், ஹார்னஸ் சரிபாருங்கள். பிறகு மேலே பிலே. ஆங்கர் போடுவது அதற்கும் பிறகு. இந்த வரிசையை அவசரப்படுத்தும் கேம்பில் சேராமல் இருப்பதே நல்லது.

கிளைம்பிங் பழகப் பக்கத்திலேயே ராமநகரா கிரானைட்டும் பாதாமி மணற்பாறையும் இருக்கின்றன. பெங்களூரில் கர்நாடக அரசின் ஜெனரல் திம்மையா சாகசப் பயிற்சி நிறுவனமும் பயிற்சிகள் நடத்துகிறது.

#10 | நீலமலை_வனம்
ட்ரெக் பக்கம் யாரும் பேசவில்லை, அதனால் சொல்கிறேன். தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது குற்றம். 1882 ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் இருக்கிறது, சரணாலயம் என்றால் 1972 வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 20 க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள். அவற்றில் வழிகாட்டிகள் அந்தந்த மலையின் பழங்குடி, உள்ளூர் மக்கள். உங்கள் எம்.ஓ.ஐ சான்றிதழைக் காட்டி அந்த வேலையைப் பறிக்க முடியாது, பறிக்கவும் கூடாது. அவர்களுக்கு முதலுதவி, குழு மேலாண்மை கற்பிக்கும் இடத்தில் உங்களுக்கு வேலை இருக்கலாம்.

குரங்கணியில் போதைப்புல் என்கிற மலைப்புல் காய்ந்து கிடந்த சரிவில்தான் ஆட்கள் சிக்கினார்கள். காற்றோடு மேல்நோக்கி ஏறும் தீயை ஓடி வெல்ல முடியாது. பிப்ரவரி பாதிக்கு மேல் புல்வெளிச் சரிவில் குழுவை வைத்திருப்பதே தவறு, அந்த மாதங்களில் பாதைகளை மூடுவதும் இதனால்தான். புதிதாக வருபவர்கள் எந்தச் சரிவில் எந்த மாதம் புல் காய்கிறது, காற்று எந்த நேரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை உள்ளூர்க்காரரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

குழு நடத்துவதில் மூன்று பழக்கம்: முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், நடுவில் யாரும் அவர்களைத் தாண்டவோ பின்தங்கவோ கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளம்புமுன் தலை எண்ணுங்கள். திரும்பும் நேரத்தைக் காலையிலேயே எல்லோர் முன்னாலும் அறிவித்துவிடுங்கள். உச்சி பத்து நிமிடத் தூரத்தில் தெரிந்தாலும் அந்த நேரம் வந்தால் திரும்புங்கள்.

#11 | செவிலி_மேரி
முதலுதவிச் சான்றிதழ் இல்லாம வேலைக்குப் போகாதீங்க. நகரத்து முதலுதவி 'ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும்'னு நினைச்சு எழுதினது. மலையில ஆம்புலன்ஸ் வராது. வைல்டர்னஸ் முதலுதவி 16 மணி நேரம், அது குறைந்தபட்சம். வேலையே இதுதான்னா டபிள்யூ.எஃப்.ஆர் (வைல்டர்னஸ் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர்), 70 லேர்ந்து 80 மணி நேரம். முசூரியில ஹானிஃபில் மையம் நடத்துது. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும், விட்டுட்டா முதல்லேர்ந்துதான்.

நம்ம பக்கத்துக்கு நாலு விஷயம் கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும்.

பாம்புக்கடி: கட்டுப்போட்டு இறுக்காதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க. மோதிரம், கொலுசைக் கழட்டுங்க. எலும்பு முறிஞ்சா கட்டுற மாதிரி அந்தக் கை காலை அசையாம கட்டி, ஆளை நடக்க விடாம தூக்கிட்டு வாங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே எந்த ஆஸ்பத்திரியில விஷமுறிவு மருந்து இருக்குன்னு ஃபோன் பண்ணி உறுதி பண்ணியிருக்கணும். எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் எப்பவும் இருக்கும்னு நம்பிப் போகாதீங்க.

மலைத்தேனீ: ரேப்பலிங் பாறையில கூடு இருக்கான்னு பைனாகுலர்ல பாருங்க. இருந்தா அன்னைக்கு அங்க வகுப்பு கிடையாது. சென்ட், புகை, சத்தம் மூணும் ஆகாது. கிளம்பிடுச்சுன்னா கையை வீசாம முகத்தை மூடிக்கிட்டு ஓடணும். கயிற்றுல தொங்குறவங்க ஓட முடியாது, அவங்களை உடனே கீழ இறக்கணும். கயிறுமணி சார் சொன்ன அமைப்பு இங்கயும் உதவும்.

வெயில்: வியர்த்து, தலை சுத்தி, குமட்டுனா நிழல், உப்புச்சர்க்கரைக் கரைசல். பேச்சு குழறி, ஆள் தடுமாறினா அது வெப்பவாதம், அப்ப குடிக்கக் கொடுக்காதீங்க. தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே கீழ கொண்டு வாங்க.

உயரம்: இமயமலை போனா 3,000 மீட்டருக்கு மேல தூங்குற இடம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல ஏறக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒரு ஓய்வு நாள். நேர்கோட்டுல குதிகாலை விரலோட ஒட்டி வச்சு நடக்கச் சொல்லுங்க. தள்ளாடினா ராத்திரின்னாலும் இறக்கிடணும்.

#12 | அலைவாய்
மலை மட்டும்தான் அவுட்டோரா? சென்னைக்குப் பக்கத்துல இருக்கிற கோவளத்துல சர்ஃபிங் (அலைச்சறுக்கு) பக்கமும் யோசிக்கலாம். ஐ.எஸ்.ஏ (சர்வதேச சர்ஃபிங் சங்கம்) லெவல் 1 சர்ஃப் இன்ஸ்ட்ரக்டர் படிப்புக்கு நீர்மீட்பு, முதலுதவிச் சான்றிதழ் வேணும். கோர்ஸுக்கு மேல 20 மணி நேரம் கண்காணிப்புல சொல்லிக்கொடுத்த பதிவும் கேப்பாங்க. நீச்சல் குளத்துல நீந்துறவங்க வங்கக்கடல்ல தாக்குப்பிடிக்க மாட்டாங்க. அலை உடையாம இடையில தட்டையா, கலங்கலா தெரியுற இடம்தான் கடலுக்குள்ள இழுக்கிற நீரோட்டம். புதுசா வர்றவங்க அமைதியான இடம்னு நினைச்சு அங்கதான் இறங்குவாங்க. கயாக்கிங்னா கோழிக்கோடு கோடஞ்சேரிப் பக்கம் சாலிப்புழாவும் இருவழிஞ்சிப்புழாவும், மழைக்காலத்துல மட்டும்.

#13 | மலைச்சாரல்
வருமானம் கேட்டிருந்தியே தம்பி. பெரும்பாலும் நாள் சம்பளம், ஃப்ரீலான்ஸ். இமயமலை ட்ரெக் மே ஜூன், செப்டம்பர் அக்டோபர். நம்ம பக்கம் ஸ்கூல் கேம்ப் அக்டோபர் பாதியில தொடங்கி ஜனவரி வரைக்கும், ஆனா வடகிழக்குப் பருவமழை கேன்சல் பண்ணி விட்டுடும். நடுவுல ஜூலை ஆகஸ்ட் வறட்சி. அந்த மாசத்துக்கு லடாக், இல்ல செயற்கைச் சுவர் ஜிம்ல வேலை. சம்பளம் பேசும்போது விபத்துக் காப்பீடு யாரு போடுறாங்க, கேன்சல் ஆனா என்ன கொடுப்பாங்கன்னு எழுத்துல வாங்கு. பெற்றோர் கையெழுத்துப் போட்ட படிவம் இருந்தா போதும்னு சிலர் சொல்லுவாங்க. கவனக்குறைவுக்கு அது கவசம் ஆகாது.

லாக் புக் இன்னைக்கே தொடங்கு: தேதி, இடம், உயரம், வானிலை, எத்தனை பேர், உன் பங்கு என்ன, என்ன தப்பாச்சு. பிரிட்டன்ல மவுண்டன் லீடர் பயிற்சிக்கே 20 தரமான மலைநாள் பதிவு வேணும், மதிப்பீட்டுக்கு 40. நம்ம ஊர் சான்றிதழ் அங்க நேரா செல்லாது, ஆனா ஒழுங்கா எழுதின பதிவைக் கையில எடுத்துட்டுப் போகலாம்.

#14 | கொங்குக்காற்று
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. வீட்டுல 2022 திரௌபதி கா டண்டா மலைப் பனிச்சரிவு விபத்தைக் காட்டி வேண்டாம்கிறாங்க. என்ன சொல்றது?

#15 | படிப்பாறை
பொய் சொல்லாதீர்கள். 2022 அக்டோபர் 4 அன்று நிம் நிறுவனத்தின் மேல்நிலைப் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கி, பயிற்றுநர்கள் உட்பட 29 பேரை இழந்தது. அனுபவசாலிகளும் அதில் இருந்தார்கள். பி.எம்.சியில் பெரும்பகுதி பாறை, பனிப்பாறைப் பயிற்சி. ஆபத்து அளவில் அது ஏ.எம்.சியின் உச்சி நாளைவிடக் குறைவு, ஆனால் பூஜ்யம் கிடையாது. பி.எம்.சிக்குப் போய்விட்டு வந்து, அடுத்த படி வேண்டுமா என்று அப்போது பேசிக்கொள்ளலாம் என்பதே நேர்மையான பதில்.

#16 | ஏலகிரி_எக்ஸ்பிரஸ்
கடைசியா ஒண்ணு. செகண்ட் ஹேண்ட் கயிறு, ஹார்னஸ் ஒரு செட் மலிவா வருது. வாங்கலாமா?

#17 | கயிறுமணி
காராபினர், டிசெண்டர் போன்ற உலோகம் என்றால் பார்த்து வாங்கலாம்: பள்ளம் விழுந்திருக்கிறதா, கதவு தானாக முழுசாக மூடுகிறதா, கயிறு ஓடிய இடத்தில் தேய்ந்து கூர் விளிம்பு வந்திருக்கிறதா. கயிறு, ஹார்னஸ், ஸ்லிங் வேண்டாம். தயாரிப்பாளர்கள் துணி, பிளாஸ்டிக் பொருட்களுக்குப் பயன்படுத்தாவிட்டாலும் பத்து ஆண்டு என்று வரம்பு வைப்பது வழக்கம், அதிகம் ஓடியதை அதற்கு வெகு முன்பே கழிக்க வேண்டும். உங்களுக்கு அதன் வரலாறு தெரியாது. ஜீப் டிக்கியில் பேட்டரி அருகே கிடந்த கயிறு பார்வைக்குப் புதிது மாதிரியே இருக்கும், அமில ஆவி உள் இழையைத் தின்றிருக்கும். சொந்தக் கயிற்றையும் ஒவ்வொரு கேம்புக்குப் பிறகும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல் இடுக்கில் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மெத்தென்று ஒடுங்கினாலோ, கயிறை மடக்கும்போது வளையாமல் கூராக ஒடிந்தாலோ அந்த இடத்தை வெட்டுங்கள். வெட்டிய துண்டில் மிச்சம் 40 மீட்டர் இல்லையென்றால் கேம்புக்கு ஆகாது, முடிச்சுப் பழக வைத்துக்கொள்ளுங்கள்.